ஐஇபி மேசையில் யார் யார்? அமெரிக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி கேட்கும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையின் தனிக் கல்வித் திட்டமான ஐஇபி பற்றிய முதல் மீட்டிங்குக்குப் போய் உட்கார்ந்தால் எதிரே ஆறேழு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் பெயரும் பதவியும் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் அறிமுகம் முடிந்துவிடும். சோதனை செய்தவர் யார், பிள்ளைக்குத் தினமும் பாடம் நடத்தப்போகிறவர் யார், டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) பணத்தை ஒதுக்க அதிகாரம் உள்ளவர் யார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் பிடிபடாது. பிறகு வரும் மனக்கசப்பில் பாதி இதனால்தான். அதிகாரம் இல்லாதவரிடம் கேட்டுவிட்டு, "டீச்சர் சரின்னுதானே சொன்னாங்க" என்று மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். ஐஇபி என்பது ஒரு பிள்ளைக்காகவே எழுதப்படும் கல்வித் திட்டம். அதற்குப் பின்னால் இருப்பது 1975-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம். 1990-ல் அதற்கு ஐடிஇஏ என்று பெயர் மாறியது, 2004-ல் பெரிய திருத்தம் வந்தது. 3 வயது முதல் 21 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, 13 வகைக் குறைபாடுகளில் ஒன்று இருந்து, அதனால் சிறப்புக் கல்வி தேவைப்பட்டால், டிஸ்ட்ரிக்ட் அதை இலவசமாகத் தர வேண்டும். எச்-4 விசாவில் வந்த பிள்ளையா, இங்கே பிறந்த பிள்ளையா என்ற வித்தியாசம் இதில் கிடையாது. பிள்ளைக்கு இன்னும் 3 வயது ஆகவில்லை என்றால் பள்ளிக்குப் போக வேண்டாம். மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் (ஆரம்பகால உதவி) திட்டத்தைக் கூப்பிடுங்கள். மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பு அவர்களே டிஸ்ட்ரிக்டுடன் பிள்ளையைப் பள்ளிப் பொறுப்புக்கு மாற்றுவதற்கான ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

முதல் வேலை: எழுத்தில் கேட்பது

வகுப்பு டீச்சரிடம் பள்ளி வாசலில் சொன்னது கணக்கில் வராது. சட்டத்தின் நாள்கணக்கு உங்கள் எழுத்துக் கோரிக்கையிலிருந்தும், பிறகு நீங்கள் போடும் சம்மதக் கையெழுத்திலிருந்தும்தான் ஓடத் தொடங்கும். அதனால் ஓர் ஈமெயில் அனுப்புங்கள். பள்ளி முதல்வருக்கும் டிஸ்ட்ரிக்டின் ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டருக்கும் அனுப்பி, வகுப்பு டீச்சருக்கு நகல் போடுங்கள்.

பத்து வரி போதும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு. "சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீட்டைக் கோருகிறேன்" என்று ஒரு நேரடி வாக்கியம். பிறகு கண்ணால் பார்த்த மூன்று நான்கு விஷயங்கள்: கதை கேட்டபின் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, ஐந்து வயதிலும் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை, வகுப்பில் சத்தம் கூடினால் மேசைக்கு அடியில் போய்விடுகிறான் என்பது போல. பேச்சு, மொழி, அறிவுத்திறன், நடத்தை, கை அசைவுத் திறன் என்று எந்தெந்தத் துறைகளில் சந்தேகம் இருக்கிறதோ, அவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காத துறையைப் பள்ளி தானாகவே சோதிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சம்மதப் படிவம் வந்ததும் அதில் எல்லாத் துறைகளும் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.

நாள்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கூட்டாட்சி விதிப்படி, சம்மதக் கையெழுத்திலிருந்து 60 நாளில் மதிப்பீடு முடிய வேண்டும். மாநிலம் தனக்கென ஒரு கணக்கு வைத்திருந்தால் அதுதான் செல்லும். கலிபோர்னியாவில் கோரிக்கை போன 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டம் கைக்கு வர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டபின் 60 நாளில் மீட்டிங் நடக்க வேண்டும். நியூ ஜெர்சியில் கோரிக்கைக்கு 20 நாளில் ஒரு கூட்டம். சம்மதத்திலிருந்து 90 நாளில் சேவையே தொடங்கிவிட வேண்டும். டெக்சாஸில் பதில் சொல்ல 15 பள்ளி நாள், அறிக்கைக்கு 45 பள்ளி நாள். "பள்ளி நாள்" என்பதில் விடுமுறை சேராது. அதனால் ஏப்ரல் கடைசியில் கேட்டுவிட்டு ஜூனில் முடியும் என்று எதிர்பார்க்க முடியாது. செப்டம்பர், அக்டோபரில் கேட்பது நல்லது.

"முதலில் ஆறு வாரம் வகுப்பிலேயே கூடுதல் உதவி கொடுத்துப் பார்க்கிறோம், அப்புறம் மதிப்பீடு" என்று சொல்வார்கள். அந்த உதவியை வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்துக்கு பிரையர் ரிட்டன் நோட்டீஸ் என்று பெயர். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னாலும் பலமுறை தேவைப்படும்.

மதிப்பிடுபவர்கள்

ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் அறிவுத்திறன், கவனம், நடத்தை, சமூகத் திறன் இவற்றைச் சோதிப்பவர். இவர் டாக்டர் அல்ல. மருத்துவ நோய்க்கணிப்பு தருவது இவர் வேலையும் அல்ல. "ஆட்டிசம் என்ற பிரிவில் சிறப்புக் கல்விக்குத் தகுதி உண்டா" என்ற கேள்விக்குத்தான் இவர் விடை தேடுகிறார். இது தெரியாமல் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு பக்கமும் தடுமாறுவதுண்டு. டாக்டரின் சான்று இருந்தால் போதும், ஐஇபி தானாக வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது, படிப்பில் பாதிப்பு காட்டப்பட வேண்டும். அல்லது டாக்டரைப் பார்க்கும்வரை பள்ளியில் எதுவும் கேட்கக் கூடாது என்று காத்திருப்பார்கள், அதுவும் தேவையில்லை. டெக்சாஸில் கற்றல் குறைபாட்டுச் சோதனைகளை எஜுகேஷனல் டயக்னாஸ்டிஷியன் என்பவர் செய்வார். நியூ ஜெர்சியில் சைக்காலஜிஸ்ட், கற்றல் குறைபாட்டு ஆலோசகர், சோஷியல் வொர்க்கர் ஆகிய மூவரும் சேர்ந்து சைல்டு ஸ்டடி டீம்.

அறிக்கையில் எண்கள் நிறைய வரும். பெரும்பாலான சோதனைகளில் 100 என்பது நடு. 85 முதல் 115 வரை சராசரி. 100-க்கு 85 மதிப்பெண் என்று படித்துவிட வேண்டாம். உட்பிரிவு மதிப்பெண்களில் 10 நடு, 7 முதல் 13 சராசரி. மொத்த எண்ணைவிட உட்பிரிவுகளுக்கு இடையே உள்ள பள்ளம் அதிகம் சொல்லும்: படத்தை வைத்துச் செய்யும் சோதனையில் 110, சொல்லை வைத்துச் செய்வதில் 74 என்றால் அது மொழிப் பிரச்சினையா, வீட்டில் ஆங்கிலம் பேசாததன் விளைவா என்று கேட்டே ஆக வேண்டும். ஆங்கிலம் போதாததையே குறைபாடு என்று தீர்மானிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிள்ளை எந்த மொழியில் தன் திறனைச் சரியாகக் காட்டுமோ, அந்த மொழியில், முடிந்த வரையில், சோதிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

இதற்காகவே ஸ்பீச் தெரபிஸ்டிடம் சற்று நேரம் செலவிடுங்கள். தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அபூர்வம். சிக்கல் இரு மொழியிலும் இருந்தால் அது கோளாறு என்பதற்கான அறிகுறி. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது மொழி பழகும் கட்டம். தமிழில் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்து, பிள்ளை என்ன சொன்னது என்று கீழே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். "ஃபேன்" என்பதைப் "பேன்" என்பதும், வ-வையும் டபிள்யூவையும் ஒன்றுபோல் ஒலிப்பதும் வீட்டு மொழியின் சாயல், உச்சரிப்புக் கோளாறாகக் குறிக்கப்படக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. நிறுத்தினால் பாட்டியோடு பேச்சு நிற்பதுதான் மிச்சம்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலம் கற்போருக்கான தேர்வு ஒன்று வைப்பார்கள். அதனால் ஐஇபி கிடைக்காமல் போகாது. இரண்டு உதவியும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்தே கிடைக்கலாம்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்டை எல்லோரும் ஓடி என்பார்கள். பென்சில் பிடிப்பு, கத்தரிக்கோல், பட்டன், சத்தமும் தொடுகையும் தாங்காமை இவையெல்லாம் இவர் பொறுப்பு. நடை, படிக்கட்டு, சமநிலை என்றால் பிசிக்கல் தெரபிஸ்ட். இந்த இரண்டு சேவையும் ஐஇபி-யில் துணைச் சேவைகள்தாம். "கையெழுத்து மட்டும் சரியில்லை, ஓடி மட்டும் கொடுங்கள்" என்று கேட்டால் ஐஇபி வழியாகக் கிடைக்காது; முதலில் சிறப்புக் கல்விக்கே தகுதி வர வேண்டும். தகுதி வராத பிள்ளைக்கு 1973-ன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ம் பிரிவின் கீழ் வேறொரு திட்டம் எழுதலாம். தனியார் கிளினிக்கில் வாரம் மூன்று மணி நேரம் ஓடி கிடைக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் அரை மணிதான் கிடைப்பதும் இதனால்தான். கிளினிக் பிள்ளையின் முழு வாழ்க்கைக்கும் வேலை செய்கிறது. பள்ளியோ படிப்புக்கு எது தேவை என்று மட்டும் பார்க்கிறது.

மதிப்பீட்டில் உங்கள் பங்கும் ஒன்று உண்டு: அன்றாடத் திறன் கேள்வித்தாள். "தானாகச் சாப்பிடுகிறானா, தானாக உடுத்துகிறானா, வழக்கமாகவா, சில சமயமா, இல்லவே இல்லையா" என்று நூற்றுக்கணக்கான கேள்விகள். நம் வீடுகளில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அம்மா ஊட்டிவிடுவார், பாட்டி சட்டை மாட்டிவிடுவார். "இல்லை" என்று டிக் செய்தால் தன்னைப் பார்த்துக்கொள்ளும் திறனே இல்லை என்று மதிப்பெண் தரையைத் தொடும். பள்ளியில் மதிய உணவைத் தானே சாப்பிடுகிறதா என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள். ஓரத்தில் "வீட்டில் நாங்களே ஊட்டிவிடுகிறோம், முயன்று பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். எதிர்த்திசைத் தவறும் உண்டு. நம் பிள்ளையைக் குறைத்துச் சொல்வானேன் என்று எல்லாவற்றுக்கும் "வழக்கமாக" போட்டால், தேவையான உதவிக்கு நீங்களே கதவைச் சாத்துகிறீர்கள்.

மீட்டிங்கில் யார் இருந்தாக வேண்டும்

பெற்றோர், பொது வகுப்பு டீச்சர் ஒருவர், சிறப்புக் கல்வி டீச்சர் ஒருவர், சோதனை முடிவுகளை விளக்கத் தெரிந்த ஒருவர், டிஸ்ட்ரிக்ட் பிரதிநிதி. கடைசியாகச் சொன்னவரைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில இடங்களில் பள்ளி முதல்வரோ துணை முதல்வரோ அந்த நாற்காலியில் இருப்பார். சில இடங்களில் புரோகிராம் ஸ்பெஷலிஸ்ட். டெக்சாஸில் இந்தக் கூட்டத்துக்கே ஏஆர்டி என்று பெயர், அங்கே பெரும்பாலும் துணை முதல்வர். டிஸ்ட்ரிக்டிடம் என்னென்ன வசதி இருக்கிறது என்று தெரிந்தவராகவும் அதை ஒதுக்க அதிகாரம் உள்ளவராகவும் அவர் இருக்க வேண்டும். "இன்றைய கூட்டத்தில் டிஸ்ட்ரிக்ட் பிரதிநிதி யார்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். தனி உதவியாளர் வேண்டும், பேச்சுக் கருவி வேண்டும், பஸ் வேண்டும் போன்ற கேள்விகளை அவரைப் பார்த்துக் கேளுங்கள். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்றால், எந்தத் தேதிக்குள் என்று கேட்டுக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

இருந்தாக வேண்டிய ஒருவர் பாதியில் எழுந்து போக வேண்டும் என்றால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். நல்ல மனதோடு தலையாட்டிவிடாதீர்கள். பேச்சுத் திறன் பற்றிப் பேசும் நேரத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லை என்றால் கூட்டத்துக்கே அர்த்தமில்லை.

மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். கணவர் ஐடி வேலையில் இருக்கிறார், ஆங்கிலம் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பவருக்குப் புரிவதுதான் முக்கியம். கூட்டத்தில் நடப்பது பெற்றோருக்குப் புரியும்படி செய்வது டிஸ்ட்ரிக்டின் கடமை, செலவும் அவர்களுடையது. இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் ஃபோனிலாவது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்.

அறிக்கைகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நியூ ஜெர்சியில் கூட்டத்துக்கு 10 நாள் முன்பே தர வேண்டும் என்பது விதி. விதி இல்லாத இடத்திலும் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். நாற்பது பக்க அறிக்கையை மேசையில் வைத்து முதல்முறை புரட்டுகிறவரால் கேள்வி கேட்க முடியாது.

தினமும் கூட இருப்பவர்கள்

சிறப்புக் கல்வி டீச்சர்தான் பெரும்பாலும் கேஸ் மேனேஜர். ஐஇபி எழுதுவது, முன்னேற்றம் குறிப்பது, மற்றவர்களை ஒருங்கிணைப்பது எல்லாம் இவர் தலையில். நியூ ஜெர்சியில் சைல்டு ஸ்டடி டீமில் ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். அன்றாடக் கேள்விகளுக்கு முதல் ஈமெயில் கேஸ் மேனேஜருக்குத்தான் போக வேண்டும். ஆனால் அவரால் புதுச் சேவையைத் தானாகக் கூட்ட முடியாது என்பதை மறக்காதீர்கள். கலிபோர்னியாவில் ரிசோர்ஸ் டீச்சர் (பொது வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி டீச்சர்) ஒருவருக்கு 28 பிள்ளைகள் வரை இருக்கலாம். உங்கள் ஈமெயிலுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தால் அலட்சியம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

பாரா அல்லது எய்டு என்று சொல்லப்படும் உதவியாளர் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர், குறைந்த சம்பளம் வாங்குபவர், கூட்டத்துக்குப் பெரும்பாலும் அழைக்கப்படாதவர். பிள்ளை மதியம் அழுததும், பாத்ரூமுக்குப் போக மறுத்ததும் இவருக்குத்தான் தெரியும். அன்போடு பழகுங்கள், ஆனால் சேவை பற்றி இவரிடம் பேரம் பேசாதீர்கள், அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். தனி எய்டு கேட்பதற்குமுன் ஒன்றை யோசியுங்கள்: பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மற்றப் பிள்ளைகள் நெருங்குவதில்லை, பிள்ளையும் அவரையே எதிர்பார்க்கப் பழகிவிடும். எந்த நேரத்துக்கு, எந்த வேலைக்கு, எப்போது விலக்கிக்கொள்வது என்று ஐஇபி-யில் எழுதச் சொன்னால் இது சரியாக நடக்கும்.

அடிப்பது, ஓடிவிடுவது, கூச்சலிடுவது இருந்தால் நடத்தை நிபுணர் வருவார். பலருக்கு பிசிபிஏ என்ற சான்று இருக்கும். அவர் முதலில் செய்ய வேண்டியது எஃப்பிஏ: அந்த நடத்தைக்கு முன் என்ன நடக்கிறது, பின் என்ன கிடைக்கிறது என்ற ஆய்வு. அதைச் செய்யாமல் எழுதப்படும் நடத்தைத் திட்டம் வெறும் தண்டனைப் பட்டியலாகிவிடும். பள்ளியிலிருந்து "இன்று சீக்கிரம் வந்து கூட்டிப்போங்கள்" என்று அடிக்கடி ஃபோன் வந்தால் ஒவ்வொரு தேதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். எழுதாமல் நடக்கும் சஸ்பென்ஷன் அது. எஃப்பிஏ கேட்க அதுவே ஆதாரம்.

இன்னும் சிலர் தேவைக்கேற்ப வருவார்கள்: பேச்சுக் கருவிக்கு அசிஸ்டிவ் டெக்னாலஜி நிபுணர், மருந்துக்கும் வலிப்புக்கும் நர்ஸ், பார்வை அல்லது செவித்திறன் குறைவுக்குத் தனி ஆசிரியர்கள், உடற்பயிற்சி வகுப்புக்கு அடாப்டிவ் பிஇ டீச்சர்.

கையெழுத்துக்கு முன்

சேவைப் பக்கத்தை விரலால் தொட்டுப் படியுங்கள். ஒவ்வொரு சேவைக்கும் எத்தனை நிமிடம், எத்தனை தடவை, தனியாகவா குழுவிலா, வகுப்புக்குள்ளா வெளியேயா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது இருக்க வேண்டும். "வாரம் 2 தடவை, 30 நிமிடம்" என்பதும் "மாதம் 240 நிமிடம்" என்பதும் கூட்டினால் ஒன்றுதான். ஆனால் மாதக் கணக்கில் எழுதினால் மூன்று வாரம் எதுவும் நடக்காமல் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் கொட்டி நிரப்ப இடம் உண்டு. வாரக் கணக்கில் கேளுங்கள்.

அடுத்தது இலக்கு. "தொடர்புத் திறனை மேம்படுத்துவான்" என்பது இலக்கு அல்ல, அதை யாராலும் அளக்க முடியாது. "படம் காட்டிக் கேட்டால், நான்கு சொல் கொண்ட வாக்கியத்தில், 5-க்கு 4 தடவை, தொடர்ந்து 3 அமர்வுகளில் பதில் சொல்வான்" என்பது இலக்கு. இப்போது எத்தனை தடவை சொல்கிறான் என்ற தொடக்க எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். போன வருட இலக்கு அப்படியே இந்த வருடமும் வந்திருந்தால், ஏன் எட்டவில்லை, எதை மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

அன்றே கையெழுத்திட வேண்டியதில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்பது மரியாதைக் குறைவு ஆகாது. கூட்டத்துக்கு வந்ததற்கான கையெழுத்து வேறு, திட்டத்துக்குச் சம்மதம் வேறு. எதில் போடுகிறோம் என்று பாருங்கள். முதல் ஐஇபி உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தொடங்காது. ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் பல மாநிலங்களில் நீங்கள் சும்மா இருந்தாலே அது அமலுக்கு வந்துவிடும். நியூ ஜெர்சியில் அந்த அவகாசம் 15 நாள். கலிபோர்னியாவில் ஒரு பகுதிக்கு மட்டும் சம்மதித்து மற்றதை மறுக்கலாம், ஒத்துக்கொண்டது உடனே தொடங்கும்.

சொன்னது நடக்காதபோது

அடிக்கடி நடப்பது இது: ஸ்பீச் தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போயிருப்பார், இரண்டு மாதம் அந்த இடம் காலி, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆள் இல்லை என்பது சட்டப்படி காரணம் ஆகாது. மாதம் ஒருமுறை சேவைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். தவறிய நிமிடங்களைக் கூட்டி, ஈடு செய்யும் சேவை எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கேஸ் மேனேஜர், பிறகு டிஸ்ட்ரிக்ட் பிரதிநிதி, பிறகு டைரக்டர். அதற்கும் பதில் இல்லையென்றால் மாநிலக் கல்வித் துறைக்குப் புகார். நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும், பொதுவாக 60 நாளில் முடிவு வரும், வக்கீல் தேவையில்லை. இலவச மத்தியஸ்தமும் உண்டு. டியூ பிராசஸ் என்னும் விசாரணைக்குப் போவதானால் மட்டும் சட்டம் தெரிந்தவரைப் பாருங்கள்.

பள்ளியின் மதிப்பீடே தவறு என்று தோன்றினால், டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீடு கேட்கலாம். டிஸ்ட்ரிக்டுக்கு இரண்டே வழிகள்: அதற்குப் பணம் தருவது, அல்லது தன் மதிப்பீடு சரி என்று விசாரணையில் நிரூபிப்பது.

ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோருக்கான இலவசப் பயிற்சி மையம் உண்டு. நியூ ஜெர்சியில் ஸ்பேன், டெக்சாஸில் பார்ட்னர்ஸ் ரிசோர்ஸ் நெட்வொர்க். மணிக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும் தனியார் அட்வகேட்டை (பெற்றோர் பக்கம் பேசும் ஆலோசகர்) தேடுவதற்கு முன் இவர்களைக் கூப்பிடுங்கள்.

வேலை மாறி ஊர் மாறும்போது

புது டிஸ்ட்ரிக்டில் சேர்க்கும் நாளன்றே, கையெழுத்திட்ட ஐஇபி, கடைசி மதிப்பீட்டு அறிக்கை, முன்னேற்ற அறிக்கை மூன்றையும் நீங்களே கையில் கொடுங்கள். பழைய பள்ளி அனுப்பும் என்று காத்திருந்தால் வாரங்கள் போகும். புது டிஸ்ட்ரிக்ட் பழைய ஐஇபி-க்கு நிகரான சேவையை உடனே தர வேண்டும். மாநிலமே மாறியிருந்தால், தேவைப்பட்டால் புதிதாக மதிப்பிட்டு முடிக்கும்வரை அந்தச் சேவை தொடர வேண்டும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கொண்டுவரும் அறிக்கைக்கு இந்த உரிமை கிடையாது. அங்கிருந்து வரும் பிள்ளை இங்கே புதிதாகத்தான் மதிப்பிடப்படும். ஆனாலும் அந்த அறிக்கையை ஒளித்துவைக்காமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கோரிக்கைக் கடிதத்தோடு இணையுங்கள். பெற்றோர் தரும் தகவலைக் குழு கருத்தில் கொள்ள வேண்டும். மூன்று வயதிலேயே பேச்சு தாமதம் என்று எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால், "ஆங்கிலம் புதிது, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லி ஒரு வருடம் தள்ள முடியாது.